கிளப்பாகச் சேர்ந்து மாதிரி ரயில் லேஅவுட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, கழற்றி எடுத்துப்போய் வேறிடத்தில் பூட்டி ஓட்டக்கூடிய ஒரு லேஅவுட்டை (தண்டவாளமும் நிலக்காட்சியும் சேர்ந்த மாதிரி ரயில் அமைப்பை) கட்டும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் எச்ஓ ஸ்கேலுக்கும் (1:87, நிஜ அளவில் 87இல் ஒரு பங்கு) டிசிசி கட்டுப்பாட்டுக்கும் (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியாகவே தனிக் கட்டளை போகும் டிஜிட்டல் முறை) உரியவை.

எங்கிருந்து தொடங்குவது?

பலகை அறுப்பதற்கு முன்னால், எல்லோரும் படித்து ஒப்புக்கொண்ட ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். தனியாகக் கட்டுகிறவர் இந்த முடிவுகளை மனதிலேயே வைத்துக்கொள்ளலாம். கிளப்பில் எழுதித்தான் ஆகவேண்டும். ஸ்கேல், தண்டவாளத்தின் உயரம் (கோட் 100, 83 அல்லது 75; அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), குறைந்தபட்ச வளைவு ஆரம், அதிகபட்ச ஏற்றம், தரையிலிருந்து தண்டவாளம் வரை உயரம், கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) வகை, ஒயர் நிறங்கள், பலகை முனையின் வடிவம், இவ்வளவும் அதில் வரவேண்டும். ஒன்றிரண்டு பக்கம் போதும்.

இவற்றை எல்லாம் தீர்மானிக்கும் எண் ஒன்று உண்டு: ஓட்டப்போகும் ரயிலின் நீளம். 24 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்ஓவில் சுமார் 28 செ.மீ. வரும். ஆறு பெட்டியும் ஒரு எஞ்சினும் என்றால் ஏறத்தாழ 1.9 மீ. அது முழுதாக நின்று, இன்னொரு ரயிலுக்கு வழிவிட வேண்டுமானால் லூப் லைனில் (பக்கவாட்டில் பிரிந்து மறுபடி சேரும் பாதையில்) 2.2 மீ. தடையில்லாத இடம் தேவை. இரு முனையிலும் பாயிண்ட்களை (பாதை பிரியும் இடங்களை) சேர்த்தால் ஸ்டேஷன் 3.5 மீட்டரைத் தொட்டுவிடும். அதாவது 1.2 மீ. பலகை மூன்று, ஒரு சின்ன ஸ்டேஷனுக்கே. இந்தக் கணக்கைப் போடாமல் வரைந்த திட்டங்கள்தான் பாதியில் நிற்கின்றன.

பிற குழுக்களோடு பலகைகளைச் சேர்த்து ஓட்டும் எண்ணம் இருந்தால், ஏற்கனவே புழக்கத்தில் உள்ள மாட்யூல் (சேர்த்துப் பூட்டும் பலகைத் துண்டு) தரநிலை ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஃப்ரெமோ, அமெரிக்காவில் ஃப்ரீ-மோ, என் ஸ்கேலுக்கு என்-டிராக் என்று பல உள்ளன. சக்கரம், தண்டவாளம், கப்ளர் அளவுகளுக்கு அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ (1935 முதல் இயங்கும் அமைப்பு) தரங்களோ ஐரோப்பாவின் என்இஎம் தரங்களோ இருக்கின்றன. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருப்பதே முக்கியம்.

எந்த ஸ்கேல் கிளப்புக்கு ஏற்றது?

எச்ஓவும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஓஓவும் (1:76) நுணுக்க வேலைக்கும் கைக்கும் வசதியானவை. என் ஸ்கேல் (1:160, 9 மி.மீ.) அதே இடத்தில் நீளமான ரயிலையும் அகலமான நிலக்காட்சியையும் தரும். ஆனால் தூசிக்கும் பலகை இணைப்பில் வரும் கால் மில்லிமீட்டர் பிசகுக்கும் அது இடமே கொடுக்காது. ஓ ஸ்கேல் அழகுதான். பலகைகளைத் தூக்க ஆள் வேண்டும்.

1,676 மி.மீ. அகலப்பாதையை மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1:87இல் அது 19.3 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,435 மி.மீ. பாதைக்கானது. இடைவெளி குறைவாகத் தெரிவதை ஏற்றுக்கொள்ளலாம், அல்லது தண்டவாளத்தையும் பாயிண்டையும் கையாலேயே செய்து எல்லா வண்டிகளுக்கும் அச்சு மாற்றலாம். பத்துப் பேர் வண்டிகளும் ஓட வேண்டிய கிளப்புக்கு முதல் வழியே நல்லது.

பலகை எந்த அளவு, எந்த மரம்?

1200 × 600 மி.மீ. நெடுங்காலமாக நின்றுபிடித்த அளவு. பக்கச் சட்டங்களுக்கு 12 மி.மீ. பிளைவுட், 100 மி.மீ. உயரம், மேல்தளத்துக்கு 9 மி.மீ.; நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். வெறும் பலகை 8 கிலோ அளவில் நிற்கும். நிலக்காட்சி ஏறிய பிறகும் இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்குவார்கள்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கனம் அதிகம், விளிம்பில் ஈரம் பட்டால் ஊதிவிடும். பிளைவுட்டானாலும் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் ஈரம் ஒரு பக்கமே ஏறி இறங்கிப் பலகை வளையும். ஆகவே அடிப்பக்கம், விளிம்பு, ஒயருக்குப் போட்ட துளை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் ஒரு கோட்டாவது அடிக்க வேண்டும். கால்களின் அடியில் 25 மி.மீ. ஏறி இறங்கும் திருகு வையுங்கள், எந்த மண்டபத்தின் தரையும் மட்டமாக இருக்காது. பலகை வாசலிலும் மாடிப்படித் திருப்பத்திலும் நுழைகிறதா என்று வெறும் அட்டையை வெட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு மரத்தை அறுங்கள்.

பலகைக்குப் பலகை தண்டவாளம் எப்படிச் சரியாகச் சேரும்?

லேஅவுட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இங்கே செலவழிக்கும் நேரம் வீணாகவே ஆகாது.

போல்ட் இழுத்துப் பிடிக்கும், இடம் காட்டாது. இடம் காட்ட ஆண், பெண் என ஜோடியாக வரும் பித்தளை டவல்கள் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் முளைகள்) வேண்டும், ஒரு இணைப்புக்கு இரண்டு ஜோடி. அடுத்தடுத்து வரும் இரு முனைச் சட்டங்களையும் கிளாம்பில் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒரே தடவையில் துளையுங்கள். தனித்தனியாக அளந்து துளைத்தால் அரை மில்லிமீட்டர் எங்காவது நழுவும். எம்8 போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போடுங்கள். துளை இறுக்கமாக இருந்தால் போல்ட்டும் டவலும் ஒன்றை ஒன்று இழுத்துச் சண்டைபோடும்.

தண்டவாளத்துக்கு வருவோம். இணைப்பின் இரு பக்கமும் விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, ஒவ்வொரு ரெயிலுக்கும் (தண்டவாளத்தின் ஒவ்வொரு கம்பிக்கும்) அடியில் ஒரு பித்தளை ஸ்க்ரூ. ஒரு பாதைக்கு மொத்தம் நான்கு. அந்த இடத்தில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் ஸ்லீப்பரை (ரெயிலின் அடியில் வரும் குறுக்குக் கட்டையை) எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூவின் தலை ரெயிலின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை அரைத் திருப்பு அரைத் திருப்பாக ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் ரெயிலில் முதுகு விழும். தலையில் முன்கூட்டியே ஈயம் பூசி, பலகைகள் போல்ட் போட்டு இறுகிய நிலையில், ரெயிலை இணைப்புக்கு மேலே அறுக்காமல் ஒரே நீளமாக ஓடவிட்டு நான்கு இடத்திலும் சால்டர் செய்யுங்கள். முழுவதும் ஆறிய பிறகு மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் இணைப்புக்கு நேர் மேலே அறுக்க வேண்டும். அறுத்த முனைகளின் உட்பக்கத்தை ஊசி அரத்தால் ஒரு தடவை தடவிவிட்டால் சக்கர விளிம்பு தட்டாது. எடுத்த ஸ்லீப்பர்களைப் பிறகு அடியைச் சீவி ஒட்டிக்கொள்ளலாம்.

திட்டம் வரையும்போதே பாயிண்ட் எதுவும் இணைப்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை இணைப்பைக் குறுக்காகச் செங்கோணத்தில் கடப்பதே நல்லது. சாய்வாகக் கடந்தால் ஒரு ரெயிலின் முனை ஊசிபோல நீட்டிக்கொண்டு நின்று, தூக்கும்போது சட்டையில் மாட்டும்.

வளைவும் ஏற்றமும் எவ்வளவு வரை போகலாம்?

கைக்கணக்கு: ஓடும் பெட்டிகளில் மிக நீளமானதன் மூன்று மடங்கு ஆரம். 28 செ.மீ. பெட்டிக்கு 84 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் இரண்டரை மடங்குவரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் ஓடக்கூடும், ஆனால் பெட்டிகளின் மூலைகள் வெளியே பிதுங்குவதும் கப்ளர் பக்கவாட்டில் இழுத்துத் தடம்புரள்வதும் தொடங்கும். இடமும் வலமுமாகத் திரும்பும் இரட்டை வளைவுக்கு நடுவில் குறைந்தது ஒரு பெட்டி நீளம் நேர்ப்பாதை விடுங்கள்.

ஏற்றம் 2 சதவீதம் வசதி, 3 சதவீதம் எல்லை. ஒரு பாதை இன்னொன்றின் மேல் ஏறிக் கடக்க ரெயிலுக்கு ரெயில் 75 மி.மீ. உயரம் வேண்டும். 2 சதவீதத்தில் அதற்கு 3.75 மீ. ஓட்டம், ஏற்றம் தொடங்கி முடியும் இடங்களில் மெல்ல வளைக்க இன்னும் கொஞ்சம். வளைவிலேயே ஏறினால் இழுவை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கழற்றிப் பூட்டும் லேஅவுட்டில் ஏற்றமே இல்லாமல் திட்டமிடுவது புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. ஆற்றுப்படுகையையும் சாலையையும் கீழே இறக்கினாலே மேடுபள்ளம் கிடைத்துவிடும்.

பாயிண்டில் மட்டும் சின்ன எஞ்சின் நின்றுவிடுகிறதே, ஏன்?

பாயிண்டின் நடுவில் இரண்டு ரெயில்கள் கத்திரிபோலச் சந்திக்கும் முனையை ஃப்ராக் என்பார்கள். அது பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த ஓரிரு சென்டிமீட்டரில் மின்சாரம் கிடையாது. நீளமான எஞ்சினுக்கு மற்ற சக்கரங்கள் மின்சாரம் எடுத்துக் கொடுக்கும். நான்கு சக்கர ஷன்டிங் எஞ்சினோ ஃப்ராக்கில் ஒரு சக்கரம், தூசியில் ஒரு சக்கரம் என்று மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

கிளப் லேஅவுட்டுக்கு உலோக ஃப்ராக் உள்ள பாயிண்டே வாங்குங்கள். ஃப்ராக்குக்குத் தனி ஒயர் கொடுத்து, பாயிண்ட் மோட்டாரிலேயே உள்ள சுவிட்ச் வழியாகப் பாதை மாறும்போது மின்முனையும் மாறும்படி செய்ய வேண்டும். ஃப்ராக்கைத் தாண்டிப் போகும் இரு உள் ரெயில்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (ரெயில் முனைகளை இணைக்கும் துண்டு) போட மறந்தால், எதிர்ப்புறத்திலிருந்து வரும் மின்சாரம் ஃப்ராக்கில் ஷார்ட் ஆகும். புதிதாக ஒயரிங் செய்கிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதுதான்.

மோட்டாரில் மெதுவாக நகர்ந்து முனையில் அழுத்திப் பிடித்து நிற்கும் வகை நல்லது. 12 வோல்ட்டில் 15 முதல் 20 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். டக்கென்று அடிக்கும் காயில் வகைக்கு ஒரு கணத்துக்கு மேல் மின்சாரம் போனால் காயில் எரிந்துவிடும், அதனால் கபாசிட்டர் வழியாகவே கொடுக்க வேண்டும்.

டிசிசி என்றால் இரண்டே ஒயர்தானே?

விளம்பரத்தில் அப்படி. எந்த எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்ற கட்டளையும் மின்சாரமும் இரண்டு ஒயரில் போவது உண்மைதான். ஆனால் அந்த இரண்டும் தடிமனாக இருக்க வேண்டும். கணக்கு இதோ. 15 மீ. தூரம் போய்த் திரும்ப 30 மீ. ஒயர். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் சுமார் 1 வோல்ட் இழப்பு. அதே இடத்தில் 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 5 வோல்ட் போய்விடும். எஞ்சின் தூரத்தில் சோர்ந்து போவது மட்டுமல்ல, ஷார்ட் ஆனாலும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) அதை ஷார்ட் என்று உணராமல் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 75 வாட். ஒரு சால்டரிங் அயனின் சூடு. பெட்டியின் போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உருகுவது அப்படித்தான்.

ஆகவே அடியில் ஓடும் முக்கிய ஒயர் 2.5 சதுர மி.மீ.; அதிலிருந்து ரெயிலுக்கு ஏறும் ஒயர் 0.5 சதுர மி.மீ., 30 செ.மீ.க்கு மிகாமல். தனித் துண்டாக உள்ள ஒவ்வொரு ரெயிலுக்கும் ஒரு ஒயர் ஏற வேண்டும். ஜாயினரை நம்பாதீர்கள், ஆறு மாதத்தில் அதற்குள் கறுப்பு ஏறிவிடும். பார்வையாளர் பக்க ரெயில் சிவப்பு, பின்பக்க ரெயில் கறுப்பு என்று தாளில் எழுதிவிட்டால் எந்தப் பலகையின் அடியில் யார் படுத்தாலும் குழப்பம் வராது.

முடித்ததும் நாணயச் சோதனை: ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு நாணயத்தை இரு ரெயிலுக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் ஒயர் குறை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

பத்து எஞ்சினுக்கு மேல் ஓடும் என்றால் லேஅவுட்டை மூன்று நான்கு மின்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக்கர் வையுங்கள். ஒருவர் பாயிண்ட் மாற்றாமல் ஓட்டினால் எல்லோர் ரயிலும் நிற்கத் தேவையில்லை. இன்னொன்று, புதிய டிகோடர்கள் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சில்லுகள்) எல்லாம் 3 என்ற முகவரியோடுதான் வரும். கிளப்புக்குக் கொண்டுவரும் முன் எஞ்சின் எண்ணின் நான்கு இலக்கங்களை முகவரியாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு எஞ்சின் சேர்ந்து கிளம்பும்.

பாதை சுற்றித் திரும்பி அதிலேயே சேர்ந்தால்?

ஷார்ட் ஆகும், ஏனென்றால் இடது ரெயில் வலது ரெயிலோடு வந்து சேர்கிறது. அந்தச் சுற்றின் இரு முனையிலும் இரண்டு ரெயிலையும் அறுத்து, நடுப்பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் (மின்முனையைத் தானாக மாற்றும் கருவி) கொடுங்கள். அறுத்த பகுதி மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் தடம்புரள்கிறது. பாதையா, பெட்டியா?

எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் புரண்டால் பாதை. ஒரே பெட்டி பல இடத்தில் புரண்டால் பெட்டி. இதைப் பார்க்காமல் அரத்தை எடுக்காதீர்கள்.

பாதை என்றால் கண்ணை ரெயில் மட்டத்துக்கு இறக்கி, டார்ச்சை எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். வளைவில் ஜாயினர் இருக்கும் இடத்தில் சின்ன முறிவு தெரியும். ஃப்ளெக்ஸ் தண்டவாளத்தை (வேண்டியபடி வளைக்கக்கூடிய வகையை) முதலில் வளைத்துப் பிறகு இணைத்ததால் வருவது அது. இரண்டு நீளத்தை நேராக வைத்து சால்டர் செய்து, அதற்குப் பிறகு வளைத்தால் முறிவே வராது.

பெட்டி என்றால் சக்கர ஜோடியின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கம் அளவெடுங்கள், 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் பாயிண்டில் ஏறும். அடுத்து எடை. என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 15 செ.மீ. சரக்குப் பெட்டிக்கு சுமார் 112 கிராம். காலிப் பிளாஸ்டிக் பெட்டி பலவும் இதில் பாதிகூட இருப்பதில்லை. கனமான பெட்டிகளுக்கு நடுவே இலேசான ஒன்று மாட்டினால் வளைவில் அதுதான் உள்பக்கமாகச் சாயும்.

கடைசிச் சோதனை: மிக நீளமான ரயிலைப் பின்னோக்கித் தள்ளி எல்லாப் பாதையிலும் ஓட்டுங்கள். முன்னோக்கி இழுக்கும்போது மறைந்திருக்கும் குறை தள்ளும்போது வெளிவரும். இதில் தேறாத பாதையில் ஜல்லி போடக் கூடாது.

ஜல்லி போட்டதும் பாயிண்ட் இறுகிவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

பசை பாயிண்டின் நாக்குக்குள் (பாதை மாற்ற நகரும் கூர்முனை ரெயிலுக்குள்) போய்விட்டது. முதலில் ஜல்லியை உலர்ந்த நிலையில் தூவி, மென்மையான பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ரெயிலின் உள்பக்கத்தில் ஒட்டிய மணிகளை விரல் நகத்தால் தட்டி இறக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மெல்லிய புகையாகத் தெளித்த பிறகே பசை. காய்ந்த ஜல்லியின் மேல் பசையை விட்டால் அது முத்துப்போல உருண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு ஓடும். வெள்ளை மரப்பசையும் தண்ணீரும் சரிபாதி, சொட்டுக்குழாயால் ஸ்லீப்பர்களுக்கு நடுவில் விட வேண்டும்.

பாயிண்டில் நாக்கு நகரும் பகுதிக்கு இந்தத் திரவமே வேண்டாம். ஸ்லீப்பர் நிறத்தில் பெயின்ட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே பொடி ஜல்லியை ஒரு அடுக்கு மட்டும் தூவுங்கள். காயும்வரை அரை மணிக்கொரு தடவை பாயிண்டை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

கெட்டியாகக் காயும் மரப்பசை, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கார்க்கின் மென்மையைத் தாண்டி ஓசையைப் பலகைக்குக் கடத்தும். ஓசை முக்கியம் என்றால் ரப்பர்ப்பால் வகைப் பசை பயன்படுத்தலாம், அது காய்ந்தாலும் நெகிழும்.

கோடையில் தண்டவாளம் பக்கவாட்டில் வளைகிறது?

நிக்கல் சில்வர் ரெயில் 20 டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்குவது அதைவிடப் பெரிய காரணம். எல்லா ஜாயினரையும் சால்டர் செய்யாமல், நேர்ப்பாதையில் மீட்டருக்கு ஒன்றாவது அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு விடுங்கள். இரண்டு பக்கமும் ஒயர் ஏறியிருப்பதால் மின்சாரத்துக்குக் குறை வராது.

நிலக்காட்சி பொம்மைபோலத் தெரிகிறது. என்ன குறை?

பெரும்பாலும் மரங்கள் குட்டையாக இருக்கும். 12 மீ. மரம் எச்ஓவில் 138 மி.மீ.; கடையில் பாக்கெட்டில் வரும் மரம் 60, 70 மி.மீ.தான். அது நிஜத்தில் ஐந்தாறு மீட்டர், வீட்டுக்கூரைக்குக் கொஞ்சம் மேலே. மனித உருவம் 20 மி.மீ., கதவு 23 மி.மீ. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே மற்றவற்றைச் செய்யுங்கள்.

அடுத்தது நிறம். நிஜப் பொருளின் நிறத்தை அப்படியே அடித்தால் சிறிய அளவில் அடர்த்தியாகத் தெரியும். கொஞ்சம் வெளிறிய சாம்பல் கலக்க வேண்டும். பளபளப்பு எங்குமே கூடாது, தண்ணீரையும் கண்ணாடியையும் தவிர. ரெயிலின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு அடித்து, காயும் முன் மேல்பரப்பைத் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு மாலை வேலை லேஅவுட்டின் தோற்றத்தையே மாற்றும். புல்லுக்கு நிலைமின் கருவியால் 2 மி.மீ., 4 மி.மீ. நாரைக் கலந்து, இரண்டு மூன்று நிறத்தில், திட்டுத்திட்டாக நிறுத்துங்கள். ஒரே நீளம் ஒரே பச்சை என்றால் கம்பளம் விரித்ததுபோல ஆகிவிடும்.

நுணுக்கத்தைச் சமமாகத் தூவ வேண்டாம். தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்கள், நடைமேடை ஓரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள், கம்பியில் காயும் துணி என்று ஒரு மூலையில் நெருக்கமாகச் செய்து, பக்கத்தில் அரை மீட்டர் வெறும் புல்லாக விடுங்கள். பார்க்கிறவர் கண் தானாக அந்த மூலையில் போய் நிற்கும்.

வேலையை எப்படிப் பிரிப்பது?

ஆளுக்கொரு பலகை என்று பிரித்தால் பத்து லேஅவுட் கிடைக்கும். தொழில்வாரியாகப் பிரியுங்கள். தண்டவாளமும் சால்டரிங்கும் இரண்டு மூன்று கைகளுக்குள் இருக்கட்டும்; ஒயரிங் செய்தவரே வரைபடமும் போட வேண்டும், அன்றைக்கே. கட்டடம், மரம், வண்டிகளை வீட்டிலிருந்தே எவரும் செய்யலாம். மண் நிறம், ஜல்லி, புல் கலவை மூன்றையும் லேஅவுட் முழுவதற்கும் ஒரே டப்பாவில் கலந்து, கலந்த விகிதத்தை மூடியில் எழுதிவையுங்கள். இரண்டாவது டப்பா ஒருபோதும் அதே நிறத்தில் வராது.

கட்டடங்களை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். அடியில் சின்ன பிளக்கும் இரண்டு ஊசியும் வைத்தால் கழற்றலாம், விளக்கும் எரியும், செய்தவர் கிளப்பை விட்டுப் போனால் எடுத்துப்போகவும் முடியும். லேஅவுட்டில் எது கிளப்புக்குச் சொந்தம், எது உறுப்பினருக்குச் சொந்தம் என்பதையும் முதல் தாளிலேயே எழுதிவிடுவது நட்புக்கு நல்லது.

ரெயிலை எதனால் துடைப்பது?

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணி. ஓடாத ரயில்களை எடுத்துவிட்டு, சக்கரங்களையும் துடைக்க மறக்காதீர்கள். அழுக்கு பாதி அங்கேதான் இருக்கிறது. உப்புத்தாள் கூடாது, அது போடும் கீறலில் அடுத்த அழுக்கு இன்னும் உறுதியாகப் பிடிக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், ஆவி போன பிறகே மின்சாரம் போடுங்கள்.

வெளியூர்க் கண்காட்சிக்கு எதைத் தவறாமல் எடுத்துப்போக வேண்டும்?

உதிரி பாயிண்ட் மோட்டார் ஒன்று, பலகை இணைப்பு ஒயர் இரண்டு, போல்ட் கூடுதலாக ஆறு, மட்டப்பலகை, சால்டரிங் அயன், மல்டிமீட்டர், ஒயரிங் வரைபடத்தின் இரண்டு பிரதிகள். பலகைகளை இரண்டிரண்டாக முகம் பார்த்து நிறுத்தி, இரு முனையிலும் பிளைவுட் தட்டு வைத்துப் போல்ட் போட்டால் நிலக்காட்சி உள்ளே பத்திரமாக இருக்கும். தட்டின் உயரம் மிக உயர்ந்த மரத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பூட்டும் முன் அளந்துகொள்ளுங்கள்.